குறையுள்ள மரத்தில் ரெசின் ஊற்றிக் கடைசல் பிடிப்பது: மலையகக் குளிரில் தொடங்குபவர்களுக்கு

வெடித்த மரம், பொந்து விழுந்த மரம், பூச்சி தின்ற தேயிலை வேர். இவற்றை விறகு என்றுதான் நம் பக்கம் பார்க்கிறார்கள். அந்தப் பொந்துகளில் ரெசின் (கலந்து ஊற்றினால் பிளாஸ்டிக் போல இறுகும் திரவம்) ஊற்றி, இறுகியதும் கடைசல் மெஷினில் ஏற்றினால் அழகான கிண்ணம் வரும். வீடியோக்களில் பார்க்கும்போது இரண்டு நாள் வேலை போலத் தெரியும். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் நான் தொடங்கியபோது முதல் ஐந்து வார்ப்புகளில் நான்கைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. ஒன்று பத்து நாளாகியும் கையில் ஒட்டியது. இன்னொன்று உள்ளே முழுக்க நுரை. மற்ற இரண்டும் மெஷினில் சுழலும்போது மரம் ஒரு பக்கம், ரெசின் ஒரு பக்கம் என்று பிரிந்தன.

பிறகுதான் காரணம் புரிந்தது. அந்த வீடியோக்கள் எல்லாம் சூடான, காய்ந்த அறைகளில் எடுக்கப்பட்டவை. நமக்கோ ஈரமும் குளிரும் வருடம் முழுக்க இருக்கின்றன. ஆகவே இங்கே இந்த வேலையில் பாதி, ரெசின் போத்தலைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நான் இழந்த பணத்தையும் மாதங்களையும் நீங்கள் இழக்காமல் இருக்க, செய்யவேண்டிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. மரத்தைக் கடிதத்தோடு எடுங்கள்

தோட்டத்தில் விழுந்து கிடக்கும் மரம் யாருக்கும் சொந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். காற்றில் விழுந்த சவுக்குக் கிளையும், மறுநடுகைக்காகப் பிடுங்கிப்போட்ட தேயிலைக் கட்டையும் நிர்வாகத்தின் கணக்கில்தான் இருக்கின்றன. தொரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) நேரில் கேட்டு, எந்த டிவிசனில் எத்தனை கட்டை எடுக்கிறீர்கள் என்று எழுதி ஒப்பம் வாங்குங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். அது கையில் இல்லாமல் முச்சக்கரவண்டியில் கட்டை ஏற்றி வந்து, வழியில் நிறுத்தப்பட்டு, ஒரு முழு நாளை நான் இழந்திருக்கிறேன்.

பலா மரத்தில் இன்னும் கவனம் தேவை. பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் (கட்டுப்பாட்டு) சட்டம் காக்கிறது. சொந்தத் தோட்டத்தில் நின்றாலும் வெட்ட அனுமதி வேண்டும். அதற்குக் கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகம் போக வேண்டும். மரம் கொண்டுபோவதற்கான அனுமதி வனத் திணைக்களத்தின் வேலை. சில இனங்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. உங்கள் மரம் எந்தப் பக்கம் சேர்கிறது என்று வண்டி பிடிப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது மரம் அறுத்து விற்கும் மரக்காலைதான். ஓரத்தில் ஒதுக்கிய வெடிப்புத் துண்டுகளைக் குறைந்த விலைக்குத் தருவார்கள். பற்றுச்சீட்டு கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பின்னால் பொருளை விற்கப் போனால் மரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும்.

2. எந்தக் குறை நல்ல குறை

வெடிப்பு, பொந்து, கணு விழுந்த ஓட்டை, பட்டை உள்ளே மடிந்த இடம் எல்லாம் ரெசினுக்கு ஏற்றவை. மரம் கெட்டியாக இருந்து நடுவில் வெற்றிடம் இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் உள்ளே போகிற சொத்தை மரம் வேறு கதை. அதை ரெசின் வெளிப்புறமாகப் பிடித்துக்கொள்ளும், உள்ளே பஞ்சாகவே இருக்கும். உளி பட்டதும் பிய்ந்து வரும். சொத்தை சிறிதாக இருந்தால் சுரண்டி எடுத்துவிடலாம், அல்லது தண்ணீர் போல ஓடுகிற சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி இறுக்கலாம். பெரிதாக இருந்தால் அடுப்புக்கே விட்டுவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது பழைய விதைத் தேயிலையின் அடிக்கட்டை. வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த வீபி தேயிலையை விட அடி தடித்திருக்கும். எத்தனையோ கவ்வாத்து (கிளை வெட்டு) வாங்கி முறுக்கேறிய மரம். உள்ளே கறையான் குடைந்த அறைகள், துளைப்பான் வண்டு போட்ட பென்சில் முனை அளவு ஓட்டைகள் எல்லாம் இருக்கும். ரெசின் உள்ளே போனதும் அந்த ஓட்டை ஒவ்வொன்றும் கோலப் புள்ளி போலத் தெரியும். ஆனால் வேர் வளரும்போது கல்லை விழுங்கி வைத்திருக்கும். ஒரு சிறு கல் போதும், தீட்டிய உளியின் முனை போய்விடும். கம்பித் தூரிகையால் தேய்த்து, பொந்துகளைக் கூரான ஆணியால் குத்திப் பார்த்து, கல் இல்லை என்று உறுதியான பிறகே அறுக்கக் கொடுங்கள்.

சவுக்கு, அதாவது கிரவிலியா, எளிதில் கிடைக்கும், கடைசலுக்கும் இதமானது. சிலருக்கு அதன் தூள் பட்டால் தோல் தடித்து அரிக்கும். முழுக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

3. காய வைப்பது: இதில் அவசரப்பட்டால் மற்றது எல்லாம் வீண்

ரெசின் ஊற்றும் மரத்தின் ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 10க்குக் கீழே போனால் இன்னும் நல்லது. ஈர மரத்தில் ரெசின் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும், பின்னால் மரம் காய்ந்து சுருங்கும்போது இரண்டும் பிரியும். என்னுடைய இரண்டு கிண்ணங்கள் அப்படித்தான் போயின.

ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்று தச்சர்கள் சொல்வார்கள். நம் பக்கம் அதுவும் போதாது. காற்றின் ஈரப்பதன் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கிற இடத்தில், மரத்தை எத்தனை வருடம் வெளியே அடுக்கி வைத்தாலும் அதன் ஈரம் ஏறக்குறைய 16 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. காற்றோடு மரம் சமநிலைக்கு வந்துவிடும். இது எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

பருவம் பார்த்து மரத்தை எடுங்கள். ஹட்டன், வட்டவளை, நுவரெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. அங்கே சனவரி முதல் மார்ச் வரை காய வைக்க நல்ல காலம். பண்டாரவளை, பதுளை பக்கம் இதற்கு மாறாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்த காற்று வீசும், மழை ஒக்டோபருக்கு மேல் வலுக்கும். முதலில் கிண்ணத்துக்கு வேண்டிய அளவை விடச் சற்றுப் பெரிதாக அறுத்து, இரு முனைகளிலும் மெழுகு அல்லது பழைய பெயின்ட் பூசி, நிழலில் காற்றுப்படும்படி சில மாதங்கள் அடுக்குங்கள். விறகு காயப் போடுகிற அடுப்புக்கு மேல் பரண் மிக நல்ல இடம். புகைக்கரி மேலே படியும், அதை ரெசினுக்கு முன் சீவி எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கடைசிக் கட்டத்துக்கு ஒரு காய்ச்சல் பெட்டி செய்துகொள்ளுங்கள். பழுதான குளிர்சாதனப் பெட்டியின் கூடு இதற்கு மிகப் பொருத்தம். கீழே இரண்டு, மேலே இரண்டு காற்று ஓட்டைகள், உள்ளே ஒரு 60 வாட் மஞ்சள் பல்ப். எல்ஈடி பல்ப் போட்டால் சூடு வராது, நான் போட்டு ஒரு வாரம் ஏமாந்தேன். பல்ப்புக்கும் மரத்துக்கும் குறைந்தது ஒரு அடி இடைவெளி விட்டு, நடுவில் கம்பி வலை கட்டுங்கள். உள்ளே 35 முதல் 40 பாகை இருந்தால் போதும். ஒரு பல்ப் இரவு பகலாக 21 நாள் எரிந்தால் சுமார் 30 அலகு மின்சாரம். மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டணப் படி ஏறுவதால், வீட்டுப் பட்டியலைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

ஈரமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கட்டையை வாரம் ஒருமுறை நிறுத்து, கட்டையிலேயே பென்சிலால் எழுதுங்கள். பெட்டிக்குள் இருந்தும் இரண்டு வாரம் எடை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது. துல்லியமாக வேண்டுமானால், அதே கட்டையின் ஒரு துண்டை நடுவில் இருந்து அறுத்து நிறுத்து, பேக்கிங் அவனில் 103 பாகையில் எடை நிற்கும்வரை வையுங்கள். 58 கிராம் துண்டு 50 கிராமில் நின்றால், குறைந்தது 8 கிராம். எட்டை ஐம்பதால் வகுத்தால் 16 சதவீதம். இன்னும் காய வேண்டும்.

பூச்சி விழுந்த மரத்துக்கு இன்னொரு வேலை இருக்கிறது. 40 பாகையில் வண்டும் முட்டையும் சாகாது. மரத்தின் நடுப்பகுதி 56 பாகைக்கு வந்து அரை மணி நேரம் நிற்க வேண்டும். சிறிய கட்டை என்றால் பேக்கிங் அவனில் 65 பாகையில் சில மணி நேரம் வைத்து எடுங்கள், பக்கத்திலேயே இருங்கள்.

4. ரெசின் வாங்கும்போது

கடையில் போய் வெறுமனே ரெசின் என்று கேட்டால், பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ் வேலைக்கான பொலியெஸ்டர் ரெசினைத் தருவார்கள். விலை குறைவு, அதனால் நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். அதன் வாடை வீடு முழுக்க நிற்கும், இறுகும்போது சுருங்கும், உளி பட்டால் கண்ணாடி போலத் தெறிக்கும். லயத்துச் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) சுவரை ஒட்டிக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் அதைத் திறக்கவே கூடாது. அதோடு தருகிற வினையூக்கியையும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும்.

நமக்கு வேண்டியது எபொக்சி. அதிலும் இரண்டு வகை. மேசைமேல் பூசுகிற வகை கெட்டியானது, ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீற்றருக்கு மேல் ஊற்றினால் கொதித்து மஞ்சளாகும். ஆழமாக ஊற்றும் வகை நீர்த்தது, மெதுவாக இறுகும், குமிழி தானாக மேலே வந்துவிடும். ஒரு தடவைக்கு எத்தனை சென்டிமீற்றர் ஊற்றலாம் என்று லேபலில் இருக்கும். அது எழுதப்படாத போத்தலை வாங்காதீர்கள். தயாரித்த திகதியையும் பாருங்கள்.

நான் கடைசியாக வாங்கிய ஒன்றரைக் கிலோ செட்டுக்கு 7500 ரூபா கொடுத்தேன், அதாவது கிராமுக்கு 5 ரூபா. விலை கப்பலோடும் டொலரோடும் ஏறி இறங்கும். கிராமுக்கு எவ்வளவு என்று எப்போதும் கணக்குப் பார்த்து வைத்தால், ஒரு கிண்ணத்துக்கு என்ன விலை சொல்வது என்பதில் தடுமாற்றம் இருக்காது.

குளிரில் வைத்த போத்தலுக்குள் சில வேளை வெள்ளை வெள்ளையாகச் சீனி போல உறைந்திருக்கும். தேன் உறைவது மாதிரித்தான், கெட்டுப்போகவில்லை. நான் கெட்டுவிட்டது என்று நினைத்து அரைப் போத்தலை எறிந்தேன். 50 பாகைச் சுடுநீரில் போத்தலை நிறுத்தி, தெளிவாகும்வரை விடுங்கள்.

இதோடு நைட்ரைல் கையுறை, இரசாயன ஆவிக்கான வடிப்பான் உள்ள மாஸ்க், ஒரு கிராம் வரை காட்டும் தராசு. இவற்றில் மிச்சம் பிடிக்க வேண்டாம். எபொக்சி தோலில் படப்பட ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்தால் பிறகு விடாது. பட்டால் துடைத்து சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தின்னர் பூசினால் அது இன்னும் உள்ளே போகும்.

5. சுத்தம், முதல் பூச்சு

ஆடுகிற பட்டையை முழுக்க எடுத்துவிடுங்கள். மண், தூள், பூச்சி எச்சம் எல்லாம் ஊதி வெளியேற்றுங்கள். பிறகு கொஞ்சம் எபொக்சி கலந்து, பொந்தின் உட்சுவர் முழுவதும் தூரிகையால் மெல்லிய பூச்சுக் கொடுங்கள். இந்தப் பூச்சு இல்லாவிட்டால் மரத்தின் நுண்துளைகளில் உள்ள காற்று, ஊற்றிய ரெசினுக்குள் மணிக்கணக்காகக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். நுரை விழுந்த என் வார்ப்பில் நடந்தது அதுதான்.

பூசுவதற்கு முன் மரத்தை லேசாகச் சூடாக்கி, அது ஆறும் நேரத்தில் பூசுங்கள். ஆறும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

6. அச்சு

முதல் வேலைக்கு ஐஸ்கிரீம் டப்பாவே போதும். அந்தப் பிளாஸ்டிக்கில் எபொக்சி ஒட்டாது. பெரிய கட்டைக்கு மெலமைன் பலகையில் பெட்டி செய்து, உட்புறம் முழுக்கப் பார்சல் டேப் ஒட்டி, மூலைகளைச் சிலிக்கனால் அடைத்து ஒரு நாள் விடுங்கள். கட்டையின் அடியில் வெடிப்பு இருந்தால் அதையும் டேப்பால் மூடுங்கள். நீர்த்த ரெசின் ஊசி முனை அளவு வழி கிடைத்தாலும் போய்விடும்.

மரம் ரெசினில் மிதக்கும். மேலே ஒரு குறுக்குச் சட்டம் போட்டு ஆணியால் இறுக்குங்கள்.

7. அளவும் கலவையும்

எவ்வளவு ரெசின் வேண்டும் என்று அறிய, பொந்தில் காய்ந்த அரிசியை நிரப்பி, பிறகு அதை அளவுக் குவளையில் கொட்டிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றி அளக்கவே வேண்டாம், அத்தனை வாரம் காய வைத்தது வீணாகும். அரிசி 150 மில்லிலீற்றர் வந்தால், வெடிப்புகளுக்காக 20 மில்லிலீற்றர் கூட்டி 170. எபொக்சி தண்ணீரை விடக் கொஞ்சம் பாரம், ஆகவே 1.1ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 190 கிராம். கிராமுக்கு 5 ரூபாவானால் 950 ரூபா. ஐந்து அங்குலத் தட்டுக்கு இந்த அளவு ஆகும்.

கலவை விகிதம் எடைக்கா, கன அளவுக்கா என்று லேபலில் கட்டாயம் பாருங்கள். ஹார்டனர், அதாவது ரெசினோடு கலந்து அதை இறுக வைக்கும் திரவம், ரெசினை விட இலேசானது என்பதால் இரண்டும் ஒன்றல்ல. கன அளவுக்குச் சொன்னதைத் தராசில் நிறுத்துப் போட்டதால்தான் என் முதல் வார்ப்பு பத்து நாளாகியும் ஒட்டியது. எடைக்கு இரண்டுக்கு ஒன்று என்றால் 127 கிராம் ரெசினுக்கு 63 கிராம் ஹார்டனர். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் சரியாக இறுகாது.

போத்தல்களை முதலில் இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் வையுங்கள், கெட்டி குறையும். ஐந்து நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். குவளையின் ஓரத்தையும் அடியையும் சுரண்டிவிடுங்கள். பிறகு அதை வேறொரு சுத்தமான குவளைக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம் கலக்குங்கள். நிறத்துக்கு மைக்கா தூள் போடலாம், எடையில் ஐந்து சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். தண்ணீரில் கரைகிற பெயின்ட் வேண்டாம். சிறு வெடிப்புகளுக்கு, நன்றாகக் காய வைத்த தேயிலைத் தூளைக் கலந்தால் மரத்தோடு சேர்ந்த கருங்கபில நிறம் வரும். எனக்கு இது பளபளக்கிற நீலத்தை விடப் பிடித்திருக்கிறது.

மெல்லிய நூல் போல ஒரு மூலையிலிருந்து ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் மட்டம் இறங்கும், அதற்கு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே வரும் குமிழிகளை நெருப்புச் சுடரால் ஒரு நொடி தடவினால் உடையும். மிஞ்சிய கலவையைக் குவளையோடு விட்டால் சூடேறிப் புகைக்கும், அகலத் தட்டில் பரப்பி வெளியே வையுங்கள்.

8. சூடும் பொறுமையும்

எபொக்சி இறுக 22 முதல் 25 பாகை வேண்டும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, சனவரி இரவில் பத்துப் பாகைக்கும் கீழே போகும். வெளியே விட்டால் அது இறுகாது. காய்ச்சல் பெட்டியே இங்கேயும் கைகொடுக்கும். சிறிய வாட் பல்ப் ஒன்று போட்டு, 25 பாகையை ஒட்டி மூன்று நாள் வையுங்கள். அதைவிடச் சூடாக்கினால் ஆழமான வார்ப்பு தானே கொதிக்கும்.

மேற்பரப்பில் மெழுகு போல எண்ணெய்ப் பிசுக்குத் தெரிந்தால் அது குளிரும் ஈரமும் சேர்ந்து செய்த வேலை. அடுத்த அடுக்கு ஊற்றுவதற்கு முன் வெந்நீரில் நனைத்த பஞ்சால் தேய்த்துத் துடைத்து, உலர்த்துங்கள். முதலில் சாண்ட்பேப்பர் போட்டால் பிசுக்கு உள்ளேயே தேய்ந்து இறங்கும்.

மூன்று நாளில் கெட்டியாகிவிட்டாலும் ஒரு வாரம் கழித்தே மெஷினில் ஏற்றுங்கள். முழுதாக இறுகாத ரெசினின் தூள்தான் நுரையீரலுக்கும் தோலுக்கும் அதிகக் கெடுதல்.

9. கடைசல்

மெஷினுக்கு ஒரு குதிரைவலு மோட்டார் போதும். ஆனால் லயத்தின் பழைய வயரில் மாட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்சாரம் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. தனிப் பிரேக்கரும் மண் இணைப்பும் போட, தகுதியுள்ள மின்காரரைக் கூப்பிடுங்கள்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அங்குல விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் இருக்க வேண்டும். ஐந்து அங்குலத் தட்டுக்கு 1200 முதல் 1800, எட்டு அங்குலக் கிண்ணத்துக்கு 750 முதல் 1100 வரை. உருண்டையாக வரும்வரை அதிலும் பாதியில் ஓட்டுங்கள். மரமும் ரெசினும் ஒரே பாரம் இல்லாததால் தொடக்கத்தில் மெஷின் குலுங்கும். கட்டையை மெஷினோடு பிடிக்கும் தட்டான பேஸ் பிளேட்டின் திருகாணிகளை ரெசினில் அல்ல, நல்ல மரத்தில் இறக்குங்கள். மறுமுனையை டெயில் ஸ்டாக்கால் (மெஷினின் எதிர்முனைத் தாங்கியால்) தாங்கிக்கொள்ளுங்கள்.

உளி நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும். மெல்லியதாக, அவசரமில்லாமல் வெட்டுங்கள். ரெசின் நாடா போலச் சுருண்டு வந்தால் சரியாகப் போகிறது. பொடியாகத் தெறித்தால் உளி மழுங்கிவிட்டது, அல்லது அதிகம் அழுத்துகிறீர்கள். முகம் முழுவதையும் மூடும் கவசம் கட்டாயம். சால்வை, தொங்கும் சங்கிலி, விரித்த கூந்தல் எதுவும் மெஷின் பக்கம் வரக் கூடாது.

10. தேய்ப்பும் மெருகும்

சாண்ட்பேப்பரில் 80, 120, 180, 240, 320, 400 என்று ஒன்றைக்கூடத் தாண்டாமல் போங்கள். ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் ரெசின் சூடாகி இளகும். 400க்குப் பிறகு மரத்துக்கு ஒரு சீலர் பூசிவிட்டு, தண்ணீர் தொட்டு 2000 வரை தேய்த்தால் கண்ணாடி போல வரும்.

தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம். அது காயாது, சில மாதத்தில் சிக்குப் பிடித்து நாறும். டங் எண்ணெய் அல்லது காய்ச்சிய ஆளி விதை எண்ணெய் மெல்லியதாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைத்தால் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காய விடுங்கள்.

11. விற்க நினைத்தால்

தனிநபர் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். என்னிடம் தேசிய அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் சான்று, வேலை செய்யும் இடத்துக்கான ஆவணம் மூன்றும் கேட்டார்கள். லயத்தில் இருப்பவருக்கு உறுதிப் பத்திரம் இருக்காது. தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதத்தை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் நான் மூன்று தடவை பஸ் ஏறினேன். கைவினைஞராகத் தேசிய அருங்கலைகள் பேரவையிடமும் பதிவு பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

விலை சொல்லும்போது ரெசின், பல்ப் எரிந்த மின்சாரம், சாண்ட்பேப்பர், எண்ணெய், உங்கள் மணிநேரம் அனைத்தையும் எழுதிக் கூட்டுங்கள். காய வைத்த மாதங்களுக்கும் ஒரு விலை உண்டு. வேர்க்கட்டை இலவசமாக வந்தது என்பதற்காகக் கிண்ணத்தை மலிவாகக் கொடுத்துவிடாதீர்கள்.

தேநீர் குடிக்கிற கோப்பை செய்து தரும்படி நிறையப் பேர் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். சாதாரண எபொக்சி 50, 60 பாகைச் சூட்டிலேயே இளகத் தொடங்கும், நம் தேநீர் அதைவிடச் சூடு. பழம் வைக்க, சாவி போட, பூ வைக்க என்று சொல்லி விற்கலாம். அதை ஒரு சிறு அட்டையில் எழுதிக் கிண்ணத்தோடு கட்டிக் கொடுங்கள். வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் வைக்க வேண்டாம் என்பதையும் அதில் சேருங்கள், வெயிலில் தெளிந்த ரெசின் மஞ்சளாகும்.